கொக்கி இல்லாத கசாப்புக்காரர்

அவைத் தலைவருக்கும், வேலை நாளின் மாலையில் சிரமம் பாராமல் வந்திருக்கும் நண்பர்களுக்கும், பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

முகவுரையை நீட்டாமல் ஓர் ஆங்கில வாக்கியத்தோடு தொடங்குகிறேன். "ஹாவ் எ புட்சர்ஸ் அட் ஹிஸ் பார்னெட்." லண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒருவர் மிக இயல்பாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இது. இதில் தெரியாத சொல் ஏதாவது உண்டா? புட்சர் என்றால் கசாப்புக்காரர். பார்னெட் என்பது லண்டன் மாநகரின் வடக்கு ஓரத்தில் உள்ள ஊர். மற்றவை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. எல்லாம் தெரிந்திருந்தும் பொருள் கைக்கு அகப்படாமல் நழுவுகிறது.

'அவன் தலைமுடியைக் கொஞ்சம் பார்' என்பதுதான் பொருள். எப்படி வந்தது? பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் லுக். அதோடு ஓசை ஒன்றி வரும் சொல் ஹுக், அதாவது கொக்கி. வெறும் கொக்கியாக விடாமல் 'புட்சர்ஸ் ஹுக்' என்று, கசாப்புக்காரர் ஆட்டுத் தொடையை மாட்டித் தொங்கவிடும் கொக்கியாக ஆக்கினார்கள். லுக் என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் இந்தத் தொடரை வைத்தார்கள். பிறகு கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். கசாப்புக்காரர் மட்டும் மிஞ்சினார். முடிக்கு ஹேர், அதோடு ஒன்றி வருவது ஃபேர், சந்தை. பார்னெட்டில் கூடிய குதிரைச் சந்தை அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. ஆகவே 'பார்னெட் ஃபேர்' என்றால் முடி. நாளடைவில் சந்தை உதிர்ந்துபோய், ஊரின் பெயரே முடிக்குப் பெயராக நின்றுவிட்டது.

இதைத்தான் ரைமிங் ஸ்லாங் என்கிறார்கள். நம் செவிக்கு எதுகையும் மோனையும் பழகியவை. அடியின் கடைசியில் ஓசை ஒன்றி வருவதை நம் யாப்பிலக்கணம் இயைபு என்கிறது. ஆங்கிலச் செய்யுளுக்கு அந்த இயைபே உயிர். கவிஞர்கள் அதைப் பாட்டில் வைத்தார்கள். லண்டன் தெருவில் காய்கறி விற்றவர்களும் மூட்டை சுமந்தவர்களும் அதை அன்றாடப் பேச்சில் வைத்தார்கள். இதில் முதல் வேலை சிறு பிள்ளைகளும் செய்யக்கூடியது: ஒலி ஒத்த ஒரு தொடரைத் தேடி வைப்பது. இரண்டாவது வேலையில்தான் மேதைமை இருக்கிறது. எந்தச் சொல் இயைபைத் தாங்கி நிற்கிறதோ அதையே எடுத்து எறிந்துவிடுகிறார்கள். பாலத்தைக் கடந்தவுடன் பாலத்தை உடைத்துவிடுவது போன்ற காரியம். பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது.

நன்னூல் படித்தவர்களுக்கு இந்நேரம் ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும்: குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. பவணந்தியார் அதைப் பிழை என்று தள்ளவில்லை. தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக இலக்கணத்துக்குள் இடம் கொடுத்தார். இந்தப் பரந்த மனத்தோடுதான் ஆங்கிலத் தெருச் சொற்களையும் அணுக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இங்கே நிற்கிறேன். 'அது தரமான ஆங்கிலம் இல்லை, அதைப் படித்து என்ன ஆகப்போகிறது' என்று நம் ஆங்கில வகுப்புகளில் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கும்போது ஒரு நகரத்தின் ஏழை மக்கள் தங்கள் மூளையால் செய்த அரிய வேலை ஒன்றைப் பார்க்காமலே போய்விடுகிறோம்.

இன்னும் சில சொற்களைச் சொல்கிறேன். தலைக்கு ஹெட். அதோடு இயைவது பிரெட். 'லோஃப் ஆஃப் பிரெட்', ஒரு முழு ரொட்டி. பிரெட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது லோஃப். 'யூஸ் யுவர் லோஃப்' என்றால் மூளையைப் பயன்படுத்து என்று பொருள். நண்பனுக்கு மேட், அதற்கு 'சைனா பிளேட்', பீங்கான் தட்டு. 'மை ஓல்ட் சைனா' என்று ஒருவர் உங்களை அழைத்தால் அவர் சீன தேசத்தைப் பற்றிப் பேசவில்லை, 'என் பழைய தோழா' என்கிறார். பேசுவதற்கு டாக், லண்டன்வாசியின் வாயில் அது போர்க் என்ற பன்றி இறைச்சியோடு அப்படியே ஒன்றும். 'ராபிட் அண்ட் போர்க்', முயலும் பன்றியும். அதிலிருந்து, ஓயாமல் தொணதொணப்பதை 'ராபிட் ஆன்' என்று சொல்லும் வழக்கம் இன்றைக்கு நாடு முழுவதும் பரவியிருக்கிறது. பொய்களுக்கு லைஸ், 'போர்க்கி பைஸ்' என்ற பன்றி இறைச்சிப் பணியாரம் அதற்கு நின்றது. 'போர்க்கீஸ்' என்ற சொல்லை இன்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் தலைப்பிலேயே போடுகின்றன. கோட்டு சூட்டுக்கு 'விசில் அண்ட் ஃப்ளூட்' என்று பெயர், சுருக்கினால் விசில். கண்களுக்கு 'மின்ஸ் பைஸ்'. திருடனுக்கு 'டீ லீஃப்', தேயிலை.

ஆனால் எல்லாத் தொடரையும் வெட்டிவிட முடியாது. தொலைபேசிக்கு 'டாக் அண்ட் போன்', நாயும் எலும்பும் என்பார்கள். அதை முழுதாகத்தான் சொல்ல வேண்டும். இறந்துபோனதற்கு 'பிரவுன் பிரெட்', அதையும் முழுதாகத்தான். பார்ப்பதற்குப் 'புட்சர்ஸ் ஹுக்' என்று முழுதாக எவனாவது சொன்னால், அவன் புத்தகத்தைப் பார்த்துப் படித்தவன் என்று உடனே தெரிந்துவிடும். எதை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்பதற்கு விதி இல்லை. கூட இருந்து கேட்டுக் கேட்டுத்தான் வரும். சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடுகளில் எல்லாம் முதல் எடுத்துக்காட்டாக மாடிப்படிக்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்று போட்டிருப்பார்கள். மிகப் பழைய சொல்தான். ஆனால் அது இப்போது பெரும்பாலும் நடித்துக் காட்டுவதற்கான சொல்லாகிவிட்டது. 'லோஃப்' என்றும் 'பார்னெட்' என்றும் நினைக்காமலே சொல்கிறார்களே, அங்கேதான் இந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது.

சரி, யார் செய்தார்கள் இதை?

1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற லண்டன் புத்தக வியாபாரி, கொச்சைச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ரைமிங் ஸ்லாங்குக்குத் தனியாக ஒரு பட்டியல் கொடுத்தார். மாடிப்படிக்கு ஆப்பிளும் பேரிக்காயும் அதிலேயே இருக்கின்றன. குடித்திருப்பவனுக்கு 'எலிஃபன்ட்ஸ் டிரங்க்', யானைத் துதிக்கை. குடிபோதையைக் குறிக்கும் டிரங்க் என்ற சொல்லோடு ஒலி ஒன்றுகிறது. தொப்பிக்கு 'பேட்டில் ஆஃப் தி நைல்', நைல் நதிப் போர். தொப்பியை அப்போது கொச்சையாக டைல் என்பார்கள், அதனால் நைல். நெல்சன் 1798இல் வென்ற போர், அரை நூற்றாண்டுக்குப் பிறகு தெருவோரத்து ஆளின் தலையில் தொப்பியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பேச்சு பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் புழக்கத்துக்கு வந்தது என்று ஹாட்டன் எழுதுகிறார். அப்படியானால் 1840களின் நடுப்பகுதி.

இதைப் பேசுபவர்களையும் அவர் அடையாளம் காட்டுகிறார். தெருவில் பாட்டுப் பாடி விற்பவர்களும், உரக்கக் கதை சொல்லி அச்சிட்ட தாள்களை விற்பவர்களும்தான் அவர்கள். செவன் டயல்ஸ் என்று ஓர் இடம் லண்டனில் இருக்கிறது. ஏழு தெருக்கள் கூடும் முனை. இன்று அங்கே விலையுயர்ந்த கடைகள் இருக்கின்றன. அன்று அது வறுமை மண்டிய பகுதி. ஜேம்ஸ் கேட்னாக் என்ற அச்சகக்காரர் அந்தப் பகுதியில்தான் தொழில் நடத்தினார். ஊரில் ஒரு கொலை நடந்தால், தூக்குத் தண்டனை நிறைவேறினால், உடனே அதைப் பாட்டாக்கி மலிவான ஒற்றைத் தாளில் அச்சிட்டுத் தெருப் பாடகர்களிடம் கொடுத்துவிடுவார். நம் சென்னைக் குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களும் கொலைச் சிந்துகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. நாள் முழுவதும் இயைபுத் தொடையில் பாடி வயிறு வளர்க்கும் மனிதனின் பேச்சில் இயைபு புகுந்துகொண்டதில் என்ன வியப்பு? அவன் தொழில்நுட்பமே அதுதான்.

இதைச் சொல்லாமல், ரைமிங் ஸ்லாங் என்றாலே 'திருடர்கள் போலீசிடமிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த இரகசிய மொழி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. இரகசியம் காப்பதற்காக என்று ஹாட்டனே எழுதியிருக்கிறார், உண்மைதான். அதில் கொஞ்சம் இரகசியமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். படிக்கட்டு, மேசை, பூட்ஸ், தொப்பி, மனைவி, மண்வெட்டி. படிக்கட்டை மறைபொருளில் சொல்ல வேண்டிய அவசியம் எந்தத் திருடனுக்கு வந்தது? திருடர்களுக்குத் தனிப் பேச்சு ஏற்கெனவே இருந்தது, 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அதைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை நேரில் விசாரித்துப் பதிவு செய்த ஹென்றி மேஹ்யூவிடம் தெருவில் பிழைத்த ஒருவரே சொல்லியிருக்கிறார்: எங்கள் புதிய பேச்சு திருடர்களின் பேச்சைப் போன்றதே அல்ல, முழுவதும் இயைபுக் கணக்கில் நடப்பது என்று. ஹாட்டனின் அகராதிக்குச் சில ஆண்டுகளுக்கு முந்தைய வாக்குமூலம் அது. பேசியவனே சொன்ன பிறகு நாம் எதற்காக அவனைத் திருடனாக்க வேண்டும்?

இரகசியம்தான் வேண்டுமென்றால் தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரிகளிடம் அதற்குத் தனிக் கருவி இருந்தது. சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்வார்கள். பென்னி என்ற காசு 'யென்னெப்' ஆகும். பீர் 'ரீப்' ஆகும். வாடிக்கையாளர் முன்னாலேயே விலையைக் கூட்டவும் குறைக்கவும், நல்ல பழம் எது அழுகல் எது என்று சொல்லிக்கொள்ளவும் அது உதவியது. பையன் என்ற பாய், திரும்பி நின்று 'யாப்' ஆனான். இன்று ஆங்கிலேயர் யாரையாவது 'யாப்' என்று சொன்னால் முரட்டுத்தனமாகத் திரியும் இளைஞன் என்று பொருள். எல்லா அகராதியிலும் இருக்கிறது. காய்கறி வண்டியில் பிறந்த சொல் அது.

இயைபுப் பேச்சு வேறு வகை. ஒருவன் ஒரு தொடரைப் புதிதாகக் கட்டி எறிவான். கேட்பவன் கண நேரத்தில் அதை அவிழ்த்துச் சிரிப்பான். அவிழ்க்கத் தெரிந்தவன் நம் ஆள். துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்களையும் ஒரே சந்தில் குடியிருந்தவர்களையும் இந்தச் சிரிப்பு சேர்த்துக் கட்டியது. விளையாட்டும் உறவும்தான் இதன் வேர் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பேச்சைக் காக்னிகளின் பேச்சு என்றே பலரும் சொல்வதால், காக்னி என்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் சீப்சைட் என்ற தெருவில் செயின்ட் மேரி லெ போ என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் மணியோசை காதில் விழும் தூரத்துக்குள் பிறந்தவனே காக்னி என்பது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் இலக்கணம். 1941 மே மாதம் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயம் எரிந்து மணிகள் விழுந்தன. மறுபடியும் மணி ஒலித்தது 1961இல். இலக்கணத்தைக் கறாராகப் பார்த்தால் அந்த 20 ஆண்டுகளில் ஒரு காக்னி கூடப் பிறக்கவில்லை. அந்தத் தெருக்காரர்கள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, அவையில் பெரியவர்களும் பிள்ளைகளும் இருப்பதால் கவனமாகச் சொல்ல வேண்டிய ஒரு பகுதி. நன்னூலில் குழூஉக்குறிக்குப் பக்கத்திலேயே இடக்கரடக்கல் இருக்கிறது, அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. ரைமிங் ஸ்லாங் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறது. உதடுகளுக்கு நடுவே நாக்கை நீட்டி 'புர்ர்' என்று ஊதிக் கேலி செய்வதை ஆங்கிலத்தில் 'ப்ளோ எ ராஸ்பெரி' என்பார்கள். குழந்தைகளோடு விளையாடும் தாய்மார்களும் தயங்காமல் சொல்கிறார்கள். ராஸ்பெரி ஒரு பழம். அந்தப் பழம் இங்கே ஏன் வந்தது? 'ராஸ்பெரி டார்ட்' என்ற பழப் பணியாரத்தின் கடைசிச் சொல், வயிற்றுக் காற்று வெளியேறுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இயையும். டார்ட் உதிர்ந்தது, நாற்றமும் போனது, பழம் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. முட்டாளை 'பெர்க்' என்பதும் இப்படித்தான். தொலைக்காட்சியில் கூடச் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அதன் மூலத் தொடர் எந்தச் சொல்லோடு இயைகிறது என்று தெரிந்தால் பலர் வாயை மூடிக்கொள்வார்கள். அதை நான் இந்த மேடையில் விளக்கப் போவதில்லை.

இதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. உட்காரும் இடத்துக்கு ஆங்கிலத்தில் நாகரிகமற்ற ஒரு சொல் உண்டு: ஆர்ஸ். அதற்கு இயைபாக 'பாட்டில் அண்ட் கிளாஸ்' என்று வைத்தார்கள். கிளாஸ் என்பதைத் தென் இங்கிலாந்தில் நெடிலாக நீட்டிச் சொல்வதால் ஒலி பொருந்தும். கிளாஸை எடுத்தால் பாட்டில். நாளடைவில் பாட்டிலும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உடனே பாட்டிலுக்கே ஓர் இயைபு தேடினார்கள். கிடைத்தவர் கிரேக்கத் தத்துவ ஞானி அரிஸ்டாட்டில்! அவரையும் வெட்டி 'அரிஸ்' ஆக்கினார்கள். அதோடும் விடவில்லை. அரிஸுக்கு இயைபு பாரிஸ். 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்', எலும்பு முறிந்தால் கட்டுப் போடும் சுண்ணமாவு. பாரிஸை எடுத்துவிட்டு 'பிளாஸ்டர்' என்றார்கள். ஒரு மனிதன் 'பிளாஸ்டர்' என்று சொன்னால் கேட்பவன் பாரிஸுக்குப் போய், அரிஸைப் பிடித்து, அரிஸ்டாட்டிலைச் சந்தித்து, பாட்டிலைத் திறந்து, கிளாஸைத் தேடி, கடைசியில் உட்காரும் இடத்துக்கு வந்துசேர வேண்டும். பள்ளிக்கூடம் பாதியில் விட்ட மனிதர்கள் செய்த வேலை இது. அந்தப் பாட்டில் பின்னர் துணிச்சலைக் குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. முக்கியமான பெனால்டி உதைக்கும்போது நடுங்கிப்போன கால்பந்து வீரனை, 'பாட்டிலை இழந்துவிட்டான்' என்று விளையாட்டுப் பக்கங்கள் எழுதுகின்றன.

இந்தப் பேச்சுக்குள் புகுந்த மனிதர்களின் பெயர்களைத் தொடர்ந்து போனால் கதை கதையாக வரும். தனியாக இருப்பதை 'ஆன் மை டாட்' என்று சொல்வார்கள். டாட் ஸ்லோன் என்று அமெரிக்கக் குதிரைப் பந்தய வீரர் ஒருவர் இருந்தார். 1890களின் இறுதியில் இங்கிலாந்துக்கு வந்து, சேணத்தில் நிமிர்ந்து உட்காராமல் குதிரையின் கழுத்தோரமாகக் குனிந்து ஓட்டினார். அங்கே அப்போது பழக்கத்தில் இல்லாத முறை. பந்தயம் பந்தயமாக வென்றார். பிறகு பந்தயம் கட்டிய சர்ச்சையில் சிக்கி, ஓட்டும் உரிமையை இழந்தார். 1933இல் இறந்தார். ஓன் என்று முடியும் 'தனியாக' என்ற ஆங்கிலத் தொடரோடு ஸ்லோன் என்ற பெயர் இயைந்ததால் மட்டும் அவர் இன்னும் புழங்குகிறார். சொல்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

அடுத்த பெயர் நம் சமையலறைக்கே வந்து சேர்கிறது. ரூபி மர்ரி, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த பாடகி. கொஞ்சம் கரகரத்த, மென்மையான குரல். 1955இல் இங்கிலாந்தில் அதிகம் விற்ற முதல் 20 பாட்டுகளுக்குள் ஒரே நேரத்தில் ஐந்து பாட்டுகள் அவருடையவையாக இருந்தன. அவர் புகழ் மங்கி வெகு காலம் கழித்து, இங்கிலாந்தின் தெருக்கள் எங்கும் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள் உணவகங்கள் திறந்தார்கள். இரவில் கர்ரி சாப்பிடப் போவது ஆங்கிலேயர் வழக்கமாயிற்று. மர்ரி, கர்ரி. 'ஃபேன்ஸி எ ரூபி?' என்று கேட்டால், கர்ரி சாப்பிடப் போகலாமா என்று பொருள். அந்தக் கர்ரி எங்கிருந்து போனது? நம் 'கறி'தான் கடல் கடந்து ஆங்கிலத்தில் அப்படி ஆயிற்று. தமிழ்ச் சொல் ஒன்று பெல்ஃபாஸ்ட் பாடகியின் பெயரை அணிந்துகொண்டு, சில்ஹெட்டுக்காரர் நடத்தும் கடையில், லண்டன் தொழிலாளியின் தட்டில் பரிமாறப்படுகிறது. இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுவதும் வகுப்பு நடத்தலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொரு பெயரைச் சொன்னால் உங்களில் சிலர் வருந்தக்கூடும். பிராந்திக்கு இந்தப் பேச்சில் 'மகாத்மா காந்தி' என்று ஒரு பெயர் இருக்கிறது. மதுவிலக்குக்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர் பெயர்! ஆங்கிலேயர் நாவில் காந்தியும் பிராந்தியும் இயைகின்றன என்பது தவிர வேறு காரணமே இல்லை. இதை அவமதிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தியடிகள், ஆடம்பர ஓட்டல்களை மறுத்துவிட்டு, இதே கிழக்கு லண்டனில், போ என்ற தொழிலாளர் பகுதியில், மியூரியல் லெஸ்டர் நடத்திய கிங்ஸ்லி ஹால் என்ற சமூகநல இல்லத்தின் மொட்டைமாடியில் ஒரு சிறிய அறையில் தங்கினார். மாநாடு முடியும் வரை அங்கேதான் இருந்தார். விடியற்காலையில் அந்தத் தெருக்களில் நடந்தார். பிள்ளைகள் அவர் பின்னாலேயே ஓடினார்கள். காக்னி மக்களுக்கு அவர் கொஞ்ச காலம் பக்கத்து வீட்டுக்காரராகவே இருந்தவர். புகழ் பெற்ற பெயராக இருக்க வேண்டும், ஓசை பொருந்த வேண்டும். இந்தப் பேச்சு அதற்கு மேல் எதையும் பார்ப்பதில்லை.

அதற்காக இதைப் புனிதமாக்கிப் பேசவும் நான் வரவில்லை. மனைவிக்கு 'ட்ரபுள் அண்ட் ஸ்ட்ரைஃப்', தொல்லையும் சச்சரவும் என்று பெயர் வைத்தவர்கள் ஆண்கள். யூதர்களையும் வெளிநாட்டவரையும் இழிவாகக் குறிக்கும் இயைபுத் தொடர்களும் உண்டு. அந்தத் தெருக்களில் இருந்த வெறுப்பும் அந்தச் சொற்களில் ஏறியிருக்கிறது. அவற்றை இங்கே திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். பத்து பவுண்டுத் தாளை டென்னர் என்பார்கள். பிரேசில் நாட்டுக் கார் பந்தய வீரர் 'அயர்டன் சென்னா' அதற்கு இயைபானார். ஐந்து பவுண்டு ஃபைவர்; அதற்கு 'லேடி கொடைவா', பழங்கதைச் சீமாட்டி ஒருத்தியின் பெயர். ஆயிரம் பவுண்டு கிராண்ட். 'பேக் ஆஃப் சேண்ட்', ஒரு மூட்டை மணல். இயைபில் சேராத பணச் சொற்களும் உண்டு. 25 பவுண்டு 'போனி', மட்டக் குதிரை. 500 பவுண்டு 'மங்கி', குரங்கு. இந்தக் குரங்கைப் பற்றி நம் நாட்டோடு சேர்த்து ஒரு கதை உலவுகிறது. இந்தியாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், குரங்குப் படம் போட்ட 500 ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய் அந்தப் பெயரைப் பரப்பினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குரங்குப் படம் போட்ட 500 ரூபாய் நோட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்திய அரசாங்கம் காகிதப் பணம் வெளியிடத் தொடங்கியதே 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். 'மங்கி' அதற்குப் பல ஆண்டுகள் முன்பே லண்டன் சூதாட்டக்காரர்களின் வாயில் இருந்தது. தெருச் சொற்களைப் படிப்பவர்கள் இப்படிப்பட்ட கதைகளில் மயங்கிவிடக் கூடாது. எந்த ஆண்டு எங்கே முதலில் பதிவானது என்று பார்த்துவிட்டால் பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும்.

மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. இந்தச் சொற்களில் பழைய உச்சரிப்பு உறைந்து கிடக்கிறது. குதிரைக்கு ஒரு காலத்தில் 'சாரிங் கிராஸ்' என்று பெயர் இருந்தது. இன்றைய உச்சரிப்பில் கிராஸும் ஹார்ஸும் இயையவில்லையே என்று தோன்றும். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் கிராஸ் என்பதை 'க்ரோஸ்' என்று நெடிலாக உச்சரித்தார்கள். ஹார்ஸும் அதே நெடிலில் 'ஹோஸ்' என்று ஒலித்தது. தலையணைக்கு 'மேக்ஸ் மில்லர்' என்று பெயர். மில்லர் ஒரு நகைச்சுவைக் கலைஞர். பில்லோ என்பதைக் காக்னிகள் 'பில்லர்' என்று சொன்னால்தான் அது பொருந்தும். ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முந்தைய தெருக் குரலைக் கேட்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கப்பலேறிய காக்னிகள் இந்தப் பழக்கத்தை ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே பார்ப்பதற்குக் கசாப்புக்காரர் போய் 'கேப்டன் குக்' வந்தார். சுறாமீனுக்கு 'நோவாஸ் ஆர்க்', நோவாவின் பேழை. ஆஷஸ் தொடரைத் தவறாமல் பார்ப்பவர்கள், ஆங்கிலேயரை ஆஸ்திரேலியர்கள் 'பாம்', 'பாமி' என்று சீண்டுவதைக் கேட்டிருப்பீர்கள். கைதிகளைக் குறிக்கும் ஏதோ ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அது பின்னால் ஜோடித்தது. குடியேறிகள் என்ற இமிக்ரன்ட் சொல்லுக்குப் 'பாமிகிரானெட்', மாதுளம்பழம் என்று விளையாட்டாக இயைபு வைத்து, அதை வெட்டியதில் வந்ததுதான் பாமி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவாகிவிட்டது.

இந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். அதைப் பேசிய தெருக்கள் முன்பு போல் இல்லை. 1940இல் தொடங்கிய குண்டுவீச்சு கிழக்கு லண்டனைச் சிதைத்தது. போருக்குப் பிறகு ஏராளமான குடும்பங்கள் எஸெக்ஸ் பக்கம் பாசில்டன், ஹார்லோ போன்ற புதிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. கப்பல்துறைகள் ஒவ்வொன்றாக மூடி, 1981இல் கடைசியாக ராயல் டாக்ஸும் நின்றது. 2009இல் கிழக்கு லண்டனில் சில ஏ.டி.எம். இயந்திரங்களில் காக்னியையும் ஒரு மொழியாகச் சேர்த்தார்கள். இரகசிய எண்ணான பின்னை உள்ளிடச் சொல்வதற்கு 'ஹக்கிள்பெரி ஃபின்' என்றும், பணம் என்ற கேஷுக்கு 'சாசேஜ் அண்ட் மாஷ்' என்றும் திரையில் வந்தன. இயந்திரத் திரையில் எழுதிக் காட்ட வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அதே பின்னுக்கு யாரோ ஒருவர் புதிதாக இயைபு தேடியிருக்கிறார் என்பதில் மகிழ்ச்சியும் உண்டு. பீருக்கு 'பிரிட்னி ஸ்பியர்ஸ்', பைஜாமாவுக்கு 'பராக் ஒபாமாஸ்' என்று அண்மைக் காலம் வரை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தத் தெருக்களின் இன்றைய பிள்ளைகள் பேசுவது வேறு. ஜெனி செஷயர், பால் கெர்ஸ்வில் ஆகிய மொழியியலாளர்கள் 2004 முதல் லண்டன் இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, தெற்காசியா என்று பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே பள்ளியில், ஒரே மைதானத்தில் சேர்ந்து வளர்த்த புதிய லண்டன் ஆங்கிலம் ஒன்று உருவாகியிருப்பதை அவர்கள் காட்டினார்கள். நலம் கேட்பதற்கு 'வாக்வான்', நண்பர் கூட்டத்துக்கு 'மேன்டெம்'. ஈஸ்ட் ஹாமில் நம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் இந்தச் சொற்கள் காதில் விழும். இயைபு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. குழு வேண்டும், அதற்கொரு குறி வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆங்கில நாவலிலோ நாடகத்திலோ சம்பந்தமில்லாத ஒரு பொருள் வாக்கியத்தின் நடுவில் வந்து நின்றால், உடனே அகராதியில் அர்த்தம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் அடுத்த சொல் எது என்று முதலில் தேடுங்கள். ரொட்டியா, சந்தையா, கொக்கியா? அது கிடைத்ததும் அதோடு ஒலி ஒன்றும் எளிய சொல் எது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருளோ உடம்பில் இருக்கும் ஓர் உறுப்போதான் வரும். உங்களில் யாராவது அப்படிப் பொருள் விளங்காமல் குறித்து வைத்திருக்கும் சொற்கள் இருந்தால் இப்போது கேளுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.